நல்ல முடிச்சு

பீன்ஸ் ஏற்றுகிற வண்டிக்காரனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். காயை எடுத்து நடுவில் ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். முறியாமல் வளைந்து நார் தொங்கினால் அது மாட்டுக்குத்தான், அந்த மாடும் நம்மை ஒரு மாதிரி பார்க்கும். இந்தச் சரிவில் இருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் காலையில் என் வண்டிதான் போகும். ஏறும்போது உறுமிக்கொண்டு ஏறும், இறங்கும்போது நான் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு வருவேன். டீசல் மிச்சம். அதோடு, எந்தத் தோட்டத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதும் காதில் விழும்.

மேல் தோட்டத்து அக்காவின் காயை மட்டும் நான் ஒடித்துப் பார்த்ததில்லை. மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, அவள் கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். சந்தையில் கடைக்காரர்களும், "கைராசி காய் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற மூட்டைகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். கைராசி என்பது அக்காவுக்கு ஊர் வைத்த பேர். அவள் துடைப்பக்குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்பார்கள். யார் புதிதாக விதை போட்டாலும், "நீ வந்து முதல் விதையைப் போட்டுட்டுப் போயிடு தாயி" என்று வந்து நிற்பார்கள். அவளும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போவாள். கையில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே?

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் நிலத்தில் வாங்கப் பார்க்கிற மனிதர். பக்கத்துத் தோட்டத்துப் பூசணியைவிடத் தன் பூசணி ஒரு விரற்கடை பெரிதாக இருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டு தேநீர் கிடைக்கும்.

வெகு காலம் முன்பு ஒரு விவசாய ஆபீசர் வந்து, காய் பொறுக்குகிற கொட்டகையில் எங்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு பீன்ஸ் செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் கடுகு கடுகாக முடிச்சு. "இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சுச் செடிக்கு ஊட்டுற முடிச்சு இது. உங்க செடி காலடியிலயே உரக்கடை வச்சிருக்கு" என்றார். புது நிலத்தில் முடிச்சு வராவிட்டால், பழைய பீன்ஸ் தோட்டத்து மண்ணை ஒரு கூடை அள்ளிக்கொண்டுபோய்த் தூவினால் வந்துவிடும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு குறையும் கிடையாது. எல்லாரும் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அக்கா மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு போகத்திலும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. வருஷா வருஷம் முடிச்சு பெருத்துக்கொண்டே வந்தது. கடுகு மிளகாயிற்று, மிளகு சுண்டைக்காயாயிற்று. காய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மழையைத் திட்டினாள், விதையைத் திட்டினாள். "முடிச்சு இவ்வளவு இருந்தும் காய் குறையுதுன்னா, அதுவும் இல்லாட்டி நம்ம கதி என்னடா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். நான் என்ன கண்டேன், தலையை ஆட்டினேன்.

அக்காவுக்கு ஒரு தங்கை. சின்னவள் என்போம். அவள் புருஷன் டவுனில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தான். ஒருநாள் மெஷின் அவன் வலது கையில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விட்டுவிட்டு நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டது. பட்டறையில் கொடுத்ததை வைத்துச் சரிவின் அடியில் ஓடையோரம் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். மணல் நிலம். அதுவரைக்கும் அதில் முள்ளைத் தவிர எதுவும் விளைந்ததில்லை. ஆனால் அக்கா பக்கத்தில் இருக்கலாம், அவள் சொல்லிக் கொடுப்பாள் என்பதுதான் சின்னவளுக்குப் பெரிய தைரியம். கையில் இருந்ததெல்லாம் அந்த மண்ணுக்குள் போயிற்று. இனி அந்த நிலம் பிழைத்தால் அவர்கள் பிழைத்தார்கள் என்ற நிலை.

அவர்கள் விதைக்குத் தயாரான அன்று நான் மூட்டைக்குப் போனபோது, அக்கா மண்வெட்டியோடு பாத்தியில் குனிந்திருந்தாள்.

"என்னக்கா, புதையலா?"

"புதையல்தான். இங்க பாரு." ஒரு செடியைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வேரே தெரியவில்லை, அவ்வளவு முடிச்சு. "தோட்டத்துலயே இந்தப் பாத்தியிலதான்டா பெருசு. இந்த மண்ணைத்தான் அவளுக்குக் குடுக்கப்போறேன்."

"நடுப் பாத்தியில அள்ளினா உனக்குப் பள்ளம் விழுமே. ஓரத்துல அள்ளு."

"ஓரத்து மண்ணைக் குடுக்கிறதுக்கு அவ என்ன மூணாவது மனுஷியா? கூடப் பிறந்தவடா."

கூடை கூடையாக என் வண்டியில்தான் ஏற்றினோம். சின்னவளும் குழந்தையோடு வந்திருந்தாள். பேசத் தொடங்கியிருந்த பெண் குழந்தை. எங்கள் எல்லாருக்கும் அது குட்டி. வண்டியில் யார் தூக்கி உட்காரவைத்தாலும் உடம்பை விறைத்துக்கொண்டு கத்தும். பெரியம்மா தூக்கினால்தான் உட்காரும். அக்கா மண்கையை இடுப்புத் துண்டில் ஒரு தேய் தேய்த்துவிட்டு அதைத் தூக்கி முன்சீட்டில் வைத்தாள். குழந்தையின் சட்டையில் இரண்டு பக்கமும் மண் ஒட்டிக்கொண்டது.

"கைராசி முத்திரை குத்தியாச்சு" என்றேன். சின்னவள் அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

முதல் போகம் சின்னவளுக்குச் சுமார். மணல்நிலத்தில் முதல் போகம் அப்படித்தான் இருக்கும் என்றாள் அக்கா. இரண்டாவது போகத்துக்கு விதை போடுகிற சமயத்தில்தான் பூச்சியம்மா வந்து சேர்ந்தாள்.

ஆராய்ச்சிப் பண்ணையில் புதிதாக வந்த ஆபீசர்; பூச்சியைப் பற்றிப் படித்தவள் என்று ஊர் வைத்த பேர் அது. சின்ன உருவம், பெரிய தொப்பி. சரிவு முழுக்க ஏன் விளைச்சல் இறங்குகிறது என்று பார்க்க வந்தவள். மேல் தோட்டத்தில் ஒரு துண்டு இடம் கேட்டாள். அண்ணன் ஆகச் சிறந்த பாத்தியை, அக்கா மண் அள்ளிக் கொடுத்த அதே பாத்தியைக் காட்டினார். அதில் வரிசைக்கு ஒரு ரகம் போட்டாள். அக்காவின் வெள்ளை விதை, காப்பிக்கொட்டை நிற விதை, புள்ளி விதை, கறுப்பு விதை. அண்ணனுக்கு அது பரீட்சை. காக்கை வந்து உட்கார்ந்தால்கூட, "ஹால்ல சத்தம் போடக் கூடாது" என்று விரட்டினார்.

செடி பூத்துப் பிஞ்சு விட்டிருந்தது. ஒரு காலையில் பூச்சியம்மா வாளிகளோடு வந்து, வரிசைக்குக் கொஞ்சம் செடிகளை வேர் அறாமல் தோண்டி எடுத்தாள். வேரைத் தண்ணீரில் அலசினாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, வரிசையின் தலையில் நட்டிருந்த குச்சியில் சாக்பீஸால் ஒரு எண் போட்டாள். நான் தேநீர் டம்ளரோடு நின்றிருந்தேன்.

"கறுப்பு, ஒண்ணு."

அண்ணன் என்னை இடித்தார். "பார்த்தியா, என்னை மாதிரியே. கணக்குல நானும் அதேதான்."

"புள்ளி, மூணு."

"பாஸ். பிழைச்சுப் போகட்டும்."

"காப்பிக்கொட்டை, நாலு." அடுத்து அவள் வெள்ளையை எடுத்தாள். அதை அலசவே நேரமாயிற்று. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அலசினாள். "வெள்ளை, அஞ்சு."

"எத்தனைக்கு மேடம்?"

"அஞ்சுக்கு அஞ்சு."

அண்ணன் தொடையில் ஒரு அறை அறைந்துகொண்டார். "ஏம்மா, கேட்டியா! நம்ம வெள்ளைதான் முதல்! வண்டி, நீதான்டா சாட்சி. சந்தையில போய்ச் சொல்லு!"

பூச்சியம்மா தொப்பியைக் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அண்ணே, அஞ்சுன்னா நல்லது இல்லண்ணே. இருக்கிறதுலயே மோசம்."

"முடிச்சு இருக்கே மேடம்?" என்றாள் அக்கா. "நல்லா இருக்கிற செடிக்குத்தானே முடிச்சு?"

பூச்சியம்மா கறுப்பு வரிசையிலிருந்து ஒரு வேரை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். "இதுல கடுகு மாதிரி ஒட்டியிருக்கு பாருங்க, அது நல்ல முடிச்சு. கட்டைவிரலால லேசாத் தள்ளுங்க."

தள்ளினாள். முடிச்சு உதிர்ந்தது. நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு.

"இப்ப உங்க வெள்ளையில தள்ளுங்க."

அக்கா தள்ளினாள். அசையவில்லை. நகத்தால் நெம்பினாள். முடிச்சு விழவில்லை, வேர்தான் அறுந்தது.

"அது வேர்மேல ஒட்டினது இல்லக்கா. வேரே வீங்கிப்போனது. உள்ளே நூல் மாதிரி புழு, கண்ணுக்குத் தெரியாது. வேர்முடிச்சு நூற்புழுன்னு பேரு. செடி குடிக்கிற தண்ணியை அது நடுவிலயே குடிச்சிடும்."

"கறுப்புல ஏன் இல்ல?" என்றேன் நான்.

"அதுலயும் நுழையுதுண்ணே. ஆனா அந்த வேர் இடம் குடுக்காது. நுழைஞ்ச புழு பட்டினி கிடந்து செத்துடும். வெள்ளை வேர் வாசலைத் திறந்து, பாயை விரிச்சு, சோறும் போட்டு வச்சுக்குது."

"எங்களை மாதிரி" என்றார் அண்ணன்.

அக்கா அறுந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் காய்ச்சுதே மேடம்?"

"உங்க மண்ணு கெட்டி மண்ணு. தொழுவுரம் கொட்டியிருக்கீங்க. அந்தத் தெம்புல செடி சமாளிச்சிருக்கு."

"மணல் நிலமா இருந்தா?"

"மணல்னா புழுவுக்குக் கொண்டாட்டம். ஏன் கேக்கிறீங்க?"

அக்கா சரிவின் அடியில் இருந்த ஓடைப் பக்கம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து சின்னவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டு. தூரத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா! என்னமோ பெருசாப் பீத்திக்கிட்டியே, இங்க வந்து பாரு!" குழந்தையை அக்கா இடுப்புக்கு மாற்றிவிட்டுத் துணியைப் பிரித்தாள். பீன்ஸ் வேர்கள். முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இஞ்சிக் கிழங்கு மாதிரி கிடந்தன. "உன் தோட்டத்துலகூட இவ்வளவு பெருசு நான் பார்த்ததில்ல. எல்லாம் நீ குடுத்த மண்ணு. செடிதான் மத்தியானம் கொஞ்சம் தலையைத் தொங்கப் போடுது. வெயிலுக்குத்தான். சாயங்காலம் நிமிர்ந்துக்குது. தண்ணி கூட விடச் சொல்லியிருக்கேன் அவர்கிட்ட."

பூச்சியம்மா கழற்றிய தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன, எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க? மாமா, பரீட்சை என்னாச்சு?"

"நம்ம வெள்ளைக்கு அஞ்சுக்கு அஞ்சும்மா" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பின்னே! யாரு விதை!" பூச்சியம்மா பக்கம் திரும்பி வேரை நீட்டினாள். "மேடம், என்னோடதுக்கு எத்தனை மார்க்?"

பூச்சியம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். "அதுவும் அஞ்சுதான்" என்றாள் பூச்சியம்மா மெதுவாக.

சின்னவளுக்குத் தாங்கவில்லை. கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வண்டி டயரைப் போய்ப் பார்த்தேன், அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"எனக்கும் ராசி ஒட்டிக்கிச்சு அக்கா. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரி ஒரு கூடை மண்ணு கேட்டா. நாளைக்கு அள்ளிக் குடுக்கலாம்னு..."

"குடுக்காதே" என்றாள் அக்கா.

"ஏன்? ஒரு கூடைதானே?"

"குடுக்காதேடி. அது நல்ல முடிச்சு இல்ல."

சொல்லிவிட்டாள். வேறு யாரையும் சொல்லவிடாமல், புழுவையும் பாத்தியையும் மணலையும் ஒவ்வொன்றாக அவளே சொன்னாள். சின்னவள் முதலில் நம்பவில்லை. தன் வேரைக் கட்டைவிரலால் தள்ளினாள். அடுத்த வேரைத் தள்ளினாள். கொண்டுவந்த எல்லா வேரையும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை.

"நீ பொறுக்கிக் குடுத்தது" என்றாள்.

"ஆமாடி. இருக்கிறதுலயே பெருசாப் பார்த்துத்தான்..."

"பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்திருக்கே."

"தெரியாமடி. சத்தியமாத் தெரியாது."

"கைராசி, கைராசின்னு ஊரே சொல்லுச்சே அக்கா." சின்னவள் வேரையெல்லாம் கீழே போட்டாள். "இந்தக் கை என் வீட்டுல படாமலே இருந்திருக்கலாம். பிள்ளையைக் குடு."

குழந்தை வர மாட்டேன் என்று அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சின்னவள் அதன் கையைப் பிரித்து எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். குழந்தை கத்துவது ஓடை வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலமே பூச்சியம்மாவை என் வண்டியில் கீழே கூட்டிக்கொண்டு போனேன். லேத்துக்காரன் சுண்டுவிரலில் வாளியை மாட்டிக்கொண்டு செடிக்குச் செடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்தும் ஊற்றினான். சின்னவள் வெளியே வரவில்லை. வீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"மருந்து என்னங்க மேடம்?" என்றான்.

"மருந்து இருக்கு. விஷம். பக்கத்துல ஓடை ஓடுது, குடிக்கிற தண்ணி. நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். அடிச்சாலும் ஒரு போகம்தான் தாங்கும்."

"நிலத்தைச் சும்மா போட்டா?"

"களைகூட இல்லாம உழுது காயப் போடணும். இல்லேன்னா துலுக்கச்சாமந்தி போடலாம், அந்த வேர்ல புழு சாகும். ரெண்டு மூணு வருஷத்துல குறையும்."

"குறையும்னா, போயிடாதா?"

"போகாது."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "பூவைத் தின்னுக்கிட்டு மூணு வருஷம் உட்கார்ந்திருக்கணும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "என் விரலை வாங்கின மெஷினுக்காவது நிறுத்த ஒரு பொத்தான் இருந்துச்சு மேடம். நான்தான் எட்டிப் பிடிக்கல. இதுக்கு எங்க இருக்கு?"

பூச்சியம்மா கறுப்பு விதை கொஞ்சம் தருவதாகச் சொன்னாள். மண் ரொம்பச் சூடானால் கறுப்பு வேருக்கும் அந்தத் தைரியம் போய்விடும், மணல் வேறு சீக்கிரம் கொதிக்கும், அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் ஒரு விஷயம் சொன்னாள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர்கள் கால், கை, மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் மண் போகக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அதைக் கேட்டு அண்ணன் மறுநாளே மேல் தோட்டத்து வாசலில் ஒரு குழாய் போட்டார்.

அந்தக் குழாயை அக்கா விடவில்லை. தோட்டத்துக்குப் போகும்போது கழுவுவாள், வரும்போது கழுவுவாள். எனக்குத் தேநீர் கொடுக்கும் முன் கழுவுவாள். முதல் விதை போடக் கூப்பிட்டால், "எனக்கு இடுப்பு வலி, வேற யாரையாவது பாரு" என்பாள். கைராசி என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "கூடப் பிறந்தவளுக்கே மண்ணு போட்டுட்டா" என்று சந்தையில் ஒருத்தன் சொன்னான். சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்து என்ன பிரயோஜனம்?

"கீழே எப்படி இருக்குடா?" என்று தினமும் கேட்பாள்.

"கறுப்பு முளைச்சிருக்கு அக்கா. நல்லாத்தான் நிக்குது."

நல்லாத்தான் நின்றது, வெயில் ஏறும் வரைக்கும். பிறகு அதுவும் மத்தியானத்தில் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தது. பாதி செடி தப்பிக் காய்த்தது. அந்தக் காயை நான் சந்தைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் ஒன்றை எடுத்து ஒடித்தான். டக்கென்று முறியவில்லை. நார் தொங்கியது.

"இதை வச்சுக் கட்டில் பின்னலாம்டா. சமைக்க முடியாது" என்றான்.

"நல்லா வேகவச்சா மென்மையாயிடும்ணே. சும்மா போட்டு வையேன். அந்தப் பொண்ணு பாவம்."

"பாவம்தான். ஆனா என் கடைக்கு வர்றவங்க பாவத்தையா வாங்கிட்டுப் போவாங்க?"

கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் வெள்ளைதான் கேட்டார்கள். நாரில்லாத, ஒடித்தால் முறிகிற, புழுவுக்கும் பிடித்த அதே வெள்ளை. மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன். சின்னவள் மூட்டையைப் பிரித்து ஒரு சட்டி காயை அடுப்பில் ஏற்றினாள். அன்று அவர்கள் வீட்டில் வெந்த கறுப்பு பீன்ஸ்தான் சாப்பாடு, எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ரொம்ப நேரம் மென்றேன். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா சாப்பிடுதா?" என்று கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"சாப்பிடுது. நீ ஒருதடவை மேலே வந்துட்டுப் போயேம்மா."

"எப்படி வருவேன் அண்ணே? வாயில வந்ததைக் கொட்டிட்டு வந்திருக்கேன்."

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவ சொன்னதுல என்ன தப்பு?" என்றாள். பிறகு, "மேலே வந்து என்னோட இருக்கச் சொல்லுடா. இருக்கிறதைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்" என்றாள். சொன்னேன். லேத்துக்காரன் தலையை ஆட்டிவிட்டான். மேலேயும் அதே புழு, அவர்களே எத்தனை நாள் தாங்குவார்கள் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். டவுனில் ஒரு பழைய சிநேகிதன் மூலமாகக் குடோன் ஒன்றுக்குக் காவல் வேலை கேட்டிருந்தான். காவலுக்கு இரண்டு விரல் போதும் என்று அவனே சிரித்தான். நிலத்தை வாங்க ஆள் இல்லை. முள்ளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதாக முடிவாயிற்று.

போகிற அன்று சாமான்களை என் வண்டியில் ஏற்றினோம். பெரிதாக ஒன்றும் இல்லை. "முதல்ல மேலே போங்கண்ணே" என்றாள் சின்னவள். மடியில் ஒரு கூடை வைத்திருந்தாள். அக்கா மண் அள்ளிக் கொடுத்த கூடைகளில் ஒன்று. இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். இறங்கியதும் வாசல் குழாயில் தன் கால்களையும் குழந்தையின் கால்களையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே அடியெடுத்து வைத்தாள்.

அக்கா வீட்டு வாசலில் நின்றாள். எப்போது யார் கிளம்பினாலும் வாழைப்பழமோ, விதையோ, ஒரு கைப்பிடி காயோ கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். அன்று வெறுங்கையோடு நின்றாள். அந்தக் கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கூடை" என்றாள் சின்னவள். "கழுவிட்டேன் அக்கா. மண்ணு ஒண்ணும் இல்ல."

"கீழே வைடி."

வைத்தாள். இரண்டு பேரும் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றார் அண்ணன். எனக்கு அழுகை வரும் போலிருந்தது, போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். லேத்துக்காரன் பின்னால் சாமான்களோடு ஏறினான். சின்னவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, குழந்தையைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, குட்டியைத் தூக்கிக் குடு."

குழந்தை இரண்டு கையையும் மேலே தூக்கியது. "பெரியம்மா, தூக்கு."

அக்கா வேகமாக வந்தாள். குழந்தையிடம் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "இருடி தங்கம், பெரியம்மா கையைக் கழுவிட்டு வந்துடுறேன்."

குழாயைத் திறந்து கழுவினாள். சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். ஒரு குச்சியை எடுத்து நகத்துக்குள் ஒவ்வொன்றாகத் துழாவினாள். வந்துவிடுவாள் என்று பார்த்தோம். மறுபடி சோப்பைத் தொட்டாள்.

"சுத்தமாத்தானே இருக்கு, வா அக்கா" என்றாள் சின்னவள்.

"இதோ வந்துட்டேன்."

அண்ணன் போய்க் குழாயை மூடினார். "போதும்மா." அவள் மறுபடி திறந்தாள். குழந்தைக்குக் கை வலித்துவிட்டது. இறக்கிவிட்டு, திரும்பத் தூக்கியது.

சின்னவள் சீட்டிலிருந்து பாதி இறங்கிவிட்டாள். கண்ணீர் மூக்கில் வழிந்தது. "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே அக்கா. அது கோபத்துல வந்த வார்த்தை. உன் கையால ஒருதடவை தூக்கிக் குடு, நாங்க போயிடுறோம்."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லடி. உன்மேல எனக்கென்ன கோபம்? இந்த நகத்துக்குள்ளதான் கொஞ்சம் இருக்கு. பிள்ளைமேல பட்டுடக் கூடாது பாரு. இதோ, ஒரே நிமிஷம்."

அந்த நகத்தில் ஒன்றுமே இல்லை. நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தோம். விரல்நுனி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. யார் போய் அந்தக் கையைப் பிடிப்பது? பிடித்து என்ன சொல்வது?

கடைசியில் லேத்துக்காரன்தான் பின்னாலிருந்து இறங்கி வந்தான். மிச்சம் இருந்த இரண்டு விரலையும் குழந்தையின் கக்கத்தில் கொடுத்து, இடது கையால் தாங்கித் தூக்கிச் சின்னவள் மடியில் வைத்தான். குழந்தை உடம்பை விறைத்துக்கொண்டு கத்தியது. சின்னவள் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "போங்கண்ணே" என்றாள்.

வழக்கம் போல எஞ்சினைப் போடாமல் பிரேக்கை விட்டேன். வண்டி தானாக உருண்டது. ஓடை வளைவு திரும்புகிற வரைக்கும் எனக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.